நடக்காத குஞ்சை எப்படிப் பார்ப்பது: மருந்து வாங்கப் போவதற்கு முன்

கொழும்பு மட்டக்குளியில் வீட்டின் மேல்மாடியில் 12 குஞ்சு வளர்க்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தெருவோரம் வாங்கிய ஊர்க்கலப்புக் குஞ்சுகள், இன்றைக்கு 19 நாள். முதல் ஐந்து நாள் ஸ்டார்ட்டர் தீன், அதாவது குஞ்சுகளுக்கென்றே கலந்த தீன். பை முடிந்ததும் குறுணலும் மிச்சச் சோறும். தரை டைல்ஸ், மேலே பத்திரிகைத் தாள். நாலு குஞ்சு "எழும்பி நடக்குதில்லை". ஒன்றின் விரல்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன, இரண்டு குந்திக் குந்தி நகர்கின்றன, ஒன்றின் ஒரு கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறது. நாலும் தீன் தின்கின்றன. பக்கத்து வீட்டவர் மரெக்ஸ் (கால் வாதம் தரும் வைரஸ் நோய்) என்கிறார். தீன் கடைக்காரர் கல்சியம் சிரப் கொடுக்கச் சொல்கிறார். "எந்த மருந்து குடுக்கிறது?" என்று முடித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, இந்த நாலுக்கும் ஒரே கோளாறுதானா, வீட்டில் வைத்தே அதை எப்படிப் பிரித்தறிவது என்பது. அதைச் சொல்கிறேன்.

நேரில் பார்க்காமல் எழுதுவதால் எது உறுதி, எது ஊகம் என்று முதலிலேயே பிரித்துவிடுகிறேன். இரண்டு வாரமாகக் குறுணலும் சோறும் மட்டும் தின்ற குஞ்சுக்குப் பி2, டி3 விற்றமின்கள், கல்சியம், புரதம் எதுவும் போதிய அளவு கிடைத்திருக்காது. இது உறுதி. இப்போது நன்றாக நடக்கும் எட்டுக் குஞ்சும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே இன்றைக்கே 12க்கும் ஸ்டார்ட்டர் தீனுக்கு மாறுங்கள். அதில் யோசிக்க எதுவும் இல்லை. இனி ஊகம்: விரல் மடங்கிய குஞ்சுக்குப் பி2 குறைவு. குந்தி நகரும் இரண்டுக்கும் ரிக்கெட்ஸ் எனும் எலும்பு மென்மை, அல்லது அதே பி2 குறைவின் தொடக்கம். கால் திரும்பிய குஞ்சுக்குக் கணு மூட்டில் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) விலகியிருக்கலாம். மரெக்ஸ் இந்த வயதுக்குப் பொருந்தவில்லை. நாலில் அவசரமானது கால் திரும்பிய குஞ்சு. அதை முதலில் பாருங்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கோழிக்காலின் நடுவில் பின்பக்கமாக மடியும் மூட்டை நாம் முழங்கால் என்கிறோம். அது நம்முடைய குதிகாலுக்கு ஈடான கணு மூட்டு. உண்மையான முழங்கால் இறகுக்குள்ளே, உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கிறது. நீங்கள் "முழங்காலில் நடக்குது" என்று எழுதியது கணு மூட்டில் குந்தி நடப்பதைத்தான். மிருக வைத்தியரிடம் பேசும்போதும் இதைச் சரியாகச் சொன்னால் அவர் வேறு இடத்தைத் தேட மாட்டார்.

கையில் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பயந்த குஞ்சு நோவை மறைத்துக்கொண்டு ஓடும். அதனால் தூக்கிய பிறகு பார்ப்பது பாதி உண்மைதான். குஞ்சுகளைச் சாக்கு விரித்த தரையில் விட்டு, தீன் தட்டை இரண்டு முழம் தள்ளி வையுங்கள். எந்தக் குஞ்சு எழும்ப முயல்கிறது, எது முயலவே இல்லை? எழும்பும்போது விழுவது ஒரே பக்கமா, இரு பக்கமுமா? தலை நடுங்குகிறதா, கழுத்து முறுகுகிறதா? கண் பளிச்சென்று இருக்கிறதா, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடுகிறதா? கால் மட்டும் கெட்டு, கண்ணும் பசியும் நன்றாக இருக்கிற குஞ்சுக்குப் பெரும்பாலும் எலும்பு, தசைநாண், நரம்பு ஆகியவற்றில் கோளாறு. உடம்பே வாடி, நடக்கச் சக்தியில்லாமல் உட்கார்ந்திருக்கிற குஞ்சுக்கு நோய் வேறெங்கோ. காலை எவ்வளவு தடவினாலும் பயனில்லை. உங்கள் நாலும் தின்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல குறி.

அடுத்து கையில் எடுங்கள். நெஞ்சை உள்ளங்கையில் தாங்கி, கால் இரண்டும் தொங்கும்படி பிடித்து, பின்பக்கமிருந்து இரு கணு மூட்டையும் ஒப்பிடுங்கள்: தடிப்பு, சூடு, நிறம், திரும்பிய கோணம். நோகாத காலை முதலில் தடவிப் பழகிக்கொண்டால்தான் நோகிற காலின் வேறுபாடு விரலுக்குத் தெரியும். பாதத்தின் அடியில் புண், கறுத்த பொருக்கு இருக்கிறதா? விரல்களைச் சுற்றி நூல், தலைமயிர், சாக்கு இழை சுற்றியிருக்கிறதா? மாடியில் துணி காயும் வீடுகளில் இது நிறைய நடக்கும். மயிரிழை ஒன்று விரலை அறுத்து வீங்க வைக்க இரண்டு நாள் போதும். செதிலுக்குள் புதைந்துவிட்டால் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். பிறகு உங்கள் சுண்டுவிரலைப் பாதத்துக்குள் வைத்துப் பாருங்கள். நல்ல கால் பற்றிக்கொள்ளும். விரலிடைத் தோலை மெதுவாகக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக மேலலகின் நுனியைப் பெருவிரலால் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். அலகு உறுதியாக இருக்க வேண்டும். ரப்பர் போல வளைந்தால் எலும்பு மென்மைக்கு அதைவிடத் தெளிவான வீட்டுச் சோதனை கிடையாது.

இனி ஒவ்வொன்றாக. விரல்கள் உள்ளங்கை மூடுவது போல உட்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு கணு மூட்டில் குந்தி, சமநிலைக்குச் சிறகை விரித்துக்கொண்டு நகர்ந்தால் அது பி2 எனப்படும் ரைபோஃபிளேவின் குறைவு. இரண்டு வார வயதை ஒட்டித் தொடங்கும். காலுக்குப் போகும் பெரிய நரம்பே வீங்கிக் கெடுவதால் விரலை நீட்டும் தசைக்குக் கட்டளை போகாது. அதனால்தான் விரல் சுருள்கிறது. விரல் பக்கவாட்டில் மட்டும் கோணியிருந்து, குஞ்சு பாதத்தை ஊன்றி நடந்தால் அது வேறு. பரம்பரையாலோ முட்டை அடையிலிருந்தபோது வெப்பம் சரியில்லாமல் போனதாலோ வருவது. பார்க்க அசிங்கமாக இருக்கும், வாழ்க்கைக்குத் தடையில்லை, மருந்தும் வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிகப் பலர்.

பி2 குறைவுக்கு வைத்திய நூல்கள் சொல்லும் அளவு, ஒரு குஞ்சுக்கு நாளுக்கு 100 மைக்ரோகிராம், அடுத்தடுத்து இரண்டு நாள். அதன்பின் சரியான தீன். பாமசியில் கிடைக்கும் பி கொம்ப்ளெக்ஸ் மாத்திரையே போதும், ஆனால் பெட்டியில் ரைபோஃபிளேவின் எத்தனை மி.கி. என்று வாசியுங்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். 2 மி.கி. என்றிருந்தால் ஒரு மாத்திரையைப் பொடித்து 20 மி.லீ. தண்ணீரில் கலக்குங்கள், 5 மி.கி. என்றால் 50 மி.லீ. தண்ணீர். இரண்டிலும் 1 மி.லீ.க்குள் 100 மைக்ரோகிராம் வந்துவிடும். நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குஞ்சு தானே விழுங்க வேண்டும். வாயைத் திறந்து பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்க் குஞ்சு அதிலேயே செத்துப்போகும். பி2 வெளிச்சத்தில் அழியும், ஆகவே ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்க வேண்டும். சற்று அதிகமாகப் போனாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம். மாத்திரை கிடைக்காத நாளில் அவித்த கோழியீரல் 5 கிராம் அளவு நறுக்கிக் கொடுத்தால் ஏறக்குறைய அதே அளவு பி2 சேரும். சுருண்டு சில நாளே ஆன கால் இரண்டு மூன்று நாளில் மாறத் தொடங்கும். வாரக்கணக்கில் சுருண்டே இருந்த கால் மருந்தாலும் நேராகாது. நரம்பு அதற்குள் நிரந்தரமாகக் கெட்டிருக்கும்.

சோற்றைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "நாங்க தின்னுற சோறுதானே" என்பது நல்லெண்ணத்தோடு செய்கிற தவறு. குஞ்சுத் தீனில் கிலோவுக்கு சுமார் 3.6 மி.கி. பி2 இருக்க வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் கிலோவுக்கு 0.5 மி.கி. அளவுதான். கல்சியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பி1 தவிட்டோடு போய்விடும். 1890களில் ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு வைத்தியர், ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற காலத்தில் விழுந்தன. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழும்பின. உயிர்ச்சத்து என்ற எண்ணத்துக்கே வழிவிட்ட கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் மாடியில் நடப்பது ஏறக்குறைய அதே கதை. புழுங்கல் அரிசி பச்சையரிசியைவிடச் சற்று மேல், அவிக்கும்போது பி1 அரிசிமணிக்குள் இறங்குவதால். ஆனால் அதுவும் குஞ்சுத் தீனாகாது. குறுணலைத் தீனின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், அதுவும் குஞ்சு வளர்ந்த பிறகு.

குந்தி நகரும் இரண்டு குஞ்சுக்கும் விரல் நேராக இருந்து அலகு வளைந்தால் ரிக்கெட்ஸ். கணு மூட்டுக்கு மேலும் கீழும் எலும்பு முனை தடித்திருக்கும், நெஞ்செலும்பு எஸ் வடிவத்தில் வளைந்திருக்கலாம், விலா எலும்பு முதுகெலும்போடு சேருமிடத்தில் மணி கோத்தது போலச் சிறு முடிச்சுகள் விரலுக்குத் தட்டும். காரணம் கல்சியம், பொஸ்பரஸ், டி3 மூன்றில் ஏதோ ஒன்றின் குறை, அல்லது கல்சியமும் பொஸ்பரசும் ஒன்றுக்கொன்று பொருந்தாத விகிதம். தவிட்டில் பொஸ்பரஸ் நிறைய இருக்கிறதே என்பார்கள். அதில் பெரும்பகுதி குஞ்சின் வயிறு பிரித்தெடுக்க முடியாத வடிவில் இருக்கிறது. ஸ்டார்ட்டரில் கல்சியம் ஒரு சதவீதத்தை ஒட்டியும், பயன்படும் பொஸ்பரஸ் அதன் பாதியை ஒட்டியும் இருக்கும். அந்தச் சமநிலைதான் மருந்து. அதோடு தண்ணீரில் கரையும் டி3 கலந்த கோழி விற்றமின் தூளை லேபிளில் உள்ள அளவுப்படி ஒன்று அல்லது இரண்டு வாரம் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். டி3 உடம்பில் தேங்கும். அளவு மீறினால் சிறுநீரகத்தில் கல்சியம் படியும்.

வெயிலும் உதவும், அதுவும் காசில்லாமல். கோழிக்கு டி3 உருவாகும் இடங்களில் முக்கியமானது இறகில்லாத கால் தோல். காலை ஒன்பது, பத்து மணி வெயிலில் அரை மணி நேரம், கூட்டில் பாதியை நிழலாக விட்டு, தண்ணீரோடு வையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயில் கணக்கில் சேராது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மாடியில் நடுப்பகல் வெயில் கொங்கிரீட்டில் ஏறும்போது குஞ்சை அங்கே மறந்துவிடாதீர்கள். வெப்பத்தில் அது சாக அரை மணி நேரம் கூட வேண்டாம்.

தீன் கடைக்காரர் சொன்ன கல்சியம் சிரப்பை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ரிக்கெட்ஸ் ஆக இருந்தாலும் குறைவது கல்சியம்தான் என்று நிச்சயமில்லை. பொஸ்பரஸோ டி3யோ குறைவாக இருந்து கல்சியத்தை மட்டும் ஏற்றினால் விகிதம் இன்னும் கெடும். நாலாவது குஞ்சுக்குத் தசைநாண் விலகியிருந்தால், மிகுந்த கல்சியம், மூட்டெலும்புக்கு வேண்டிய மங்கனீஸ் உறிஞ்சப்படுவதைத் தடுத்து அதை மோசமாக்கும். இதே காரணத்துக்காக முட்டைக் கோழியின் லேயர் தீனையும் குஞ்சுக்கு வைக்காதீர்கள். அதில் கல்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சின் சிறுநீரகம் தாங்காது, உள்ளுறுப்புகளில் வெள்ளை மாப் படிந்தது போல யூரேட் எனும் சிறுநீர்க் கழிவு உப்பு படிந்து செத்துப்போகும்.

இனி அந்த நாலாவது குஞ்சு. கணு மூட்டின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குள்தான் தடித்த தசைநாண் கயிறு போல ஓடுகிறது. நல்ல காலில் விரலை வைத்து உருட்டினால் அந்தக் கயிறு தெரியும். மங்கனீஸ், கோலீன், பயோட்டின் முதலியவை குறைந்து எலும்பு முனை தடித்துக் கோணும்போதோ, ஒரு சறுக்கலில் மூட்டு திருகும்போதோ அந்தக் கயிறு பள்ளத்தை விட்டுப் பக்கமாக நழுவும். அப்போது மூட்டின் பின்புறம் தட்டையாகவும் அகலமாகவும் தெரியும், சிவந்து வீங்கும், கீழ்க்கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும், குஞ்சால் காலை நீட்ட முடியாது. நோவால் கீச்சிடும். ஓரிரு நாளுக்குள் கண்டால் திருப்பி வைக்க வழி இருக்கிறது: ஒருவர் உடம்பைப் பிடிக்க, மற்றவர் காலை மெதுவாகப் பின்னால் நீட்டி, கயிறு தளர்ந்ததும் பெருவிரலால் பக்கத்திலிருந்து பள்ளத்தை நோக்கித் தள்ள வேண்டும். உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். பிறகு மூட்டை இயல்பான சிறு மடிப்பில் வைத்து, பஞ்சு சுற்றி, மைக்ரோபோர் பிளாஸ்டரால் இறுக்காமல் கட்டி மூன்று நாலு நாள் விடலாம். விரல்கள் குளிர்ந்தாலோ வீங்கினாலோ கட்டு இறுக்கம். உடனே அவிழ்க்க வேண்டும். பலம் போட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்றால் நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அது வெறும் நழுவல் அல்லாமல் முறிவாக இருக்கலாம். எலும்பே கோணியிருந்தால் எத்தனை தடவை உள்ளே வைத்தாலும் திரும்ப வெளியே வரும். இதில் வெற்றி பாதிக்குப் பாதி என்று கூட என்னால் உறுதி தர முடியாது. நாள் போகப் போகக் குறையும் என்பது மட்டும் நிச்சயம்.

பத்திரிகைத் தாளை இன்றைக்கே அகற்றுங்கள். வழுக்கும் தரையில் பொரித்த முதல் மூன்று நாளில் கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாகப் பிளந்து போவதுதான் பலருக்குத் தெரிந்த கால் கோளாறு. உங்கள் குஞ்சுகள் முதல் வாரம் நன்றாக நடந்தன என்பதால் அது இப்போதைய காரணமாக இருக்காது, ஆனால் வழுக்கும் தரை மெலிந்த எலும்பையும் தளர்ந்த மூட்டையும் மேலும் கெடுக்கும். காய்ந்த உமி ஐந்து சென்ரிமீற்றர் கனத்தில் போடுங்கள். கிடைக்காவிட்டால் இழை பிரியாத சாக்கு. அடுத்த முறை நாட்குஞ்சில் கால் பிளந்தால், இரு காலையும் இயல்பான இடைவெளியில், ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் விட்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எட்டு வடிவில் சுற்றி இணைத்துவிடுங்கள். தினமும் மாற்றினால் மூன்று நாலு நாளில் சரியாகும். ஒரு வாரம் தாண்டிய பிறகு அதே கட்டு அநேகமாகப் பயன் தராது.

கால் மட்டுமல்லாமல் தலையும் சேர்ந்து கெட்டால் கணக்கு மாறுகிறது. குஞ்சை உள்ளங்கையில் வைத்து மூடினால் மெல்லிய அதிர்வு கையில் தெரிகிறதா? தலையும் கழுத்தும் நடுங்க, தள்ளாடி விழுவது, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பல குஞ்சுக்கு வந்தால், தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வரும் மூளையழற்சி வைரசை நினைக்க வேண்டும், அதற்கு மருந்தில்லை. தலை பின்னோக்கி முதுகில் சாய, மடித்த காலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தால் பி1 குறைவு. பி கொம்ப்ளெக்ஸ் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரிவது உண்டு, அதுவே சோதனையும் ஆகிறது. காலை நீட்டி மல்லாக்க விழுந்து உருள்வது, இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் என்றால் விற்றமின் ஈ குறைவு. கொழும்பு ஈரப்பதத்தில் தவிட்டின் எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துப்போகும். சிக்கடித்த எண்ணெய் தீனில் உள்ள விற்றமின் ஈயை அழித்துவிடும். திறந்த சாக்கிலிருந்து கிலோ கணக்கில் அள்ளித் தரும் தீனை வாங்கும்போது ஒரு பிடி மூக்கருகே வைத்துப் பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ பூஞ்சண வாடையோ இருந்தால் வாங்காதீர்கள். பையாக வாங்கினால் உற்பத்தித் திகதியைப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் முடியும் அளவுக்கே வாங்குங்கள்.

மரெக்ஸ் பற்றி. 1907இல் ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெஃப் மாரெக் விவரித்த நோய் அது; ஹெர்பீஸ் வகை வைரஸ், இறகடித் தோல் தூசியோடு பரவும். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீண்டு கிடக்கும் தோற்றம் அதன் அடையாளம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கால் வாதம் வருவது பெரும்பாலும் எட்டு வாரம் தொடங்கி இருபது வாரம் வரை. உடம்புக்குள் வைரஸ் நுழைந்து நரம்பில் கட்டி வைக்க வாரங்கள் வேண்டும். 19 நாளில் நாலு குஞ்சு ஒன்றாக விழுவதற்கு மரெக்ஸைக் காரணமாகச் சொல்ல முடியாது. தடுப்பூசி பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்குள் போடுவது. தெருவோரக் குஞ்சுகளுக்குப் போட்டிருந்தார்களா என்று விற்றவரைக் கேளுங்கள். போடவில்லை என்றால் மூன்றாம் மாதத்தில் இந்தக் கேள்வி நியாயமாகவே எழும். அப்போது கண்ணின் கருவிழி சாம்பல் நிறமாகி ஓரம் ஒழுங்கற்றுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நோய் வந்த பிறகு ஊசி போடுவதில் பயனில்லை.

வீட்டு வைத்தியத்தை நிறுத்தி உடனே அறிவிக்க வேண்டியது ராணிக்கெட் எனும் வைரஸ் நோய். கழுத்து முறுகல், பச்சைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவாங்கல், அடுத்தடுத்து சாவு. கால் வாதம் இவற்றில் ஒன்றாக வரும். அப்படிக் கண்டால் குஞ்சை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம், அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு மூட்டு சூடாக, பொருமிப் போயிருந்தால் கிருமித் தொற்று. எந்த அன்ரிபயோடிக், எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பின்னால் முட்டை இறைச்சி தின்னக் காத்திருக்க வேண்டிய நாளையும் அவரிடமே கேளுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டு, இறகைச் சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்தால் அது கொக்சிடியா எனும் குடல் ஒட்டுண்ணி நோய். கால் நோயல்ல, சோர்வு. அதற்குக் கடைகளில் தரும் அம்ப்ரோலியம், பி1இன் சாயலில் செய்யப்பட்ட மருந்து. அதோடு சேர்த்து பி கொம்ப்ளெக்ஸ் கொடுத்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். ஆகவே கொக்சிடியா மருந்து முடிந்த பிறகுதான் விற்றமின்.

புறொயிலர் குஞ்சாக இருந்தால் நான் சொன்ன வரிசை கொஞ்சம் மாறும். உடம்பு எலும்பை முந்தி வளர்வதால் நல்ல தீனிலேயே கால் கோணும். ஊர்க்கலப்பு என்று சொல்லி விற்றது மூன்று வாரத்தில் அரைக் கிலோவைத் தாண்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாலு குஞ்சையும் மற்றவற்றின் கண்ணெதிரே, கம்பிவலையால் பிரித்து வையுங்கள். தனியே அடைத்தால் கத்திக் கத்தித் தீன் எடுக்காது. கூட்டத்தோடு விட்டால் மிதிபடும், கொத்துப்படும். தண்ணீர் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில், குஞ்சு மூழ்காத தட்டையான மூடியில். தீனைத் தண்ணீர் தெளித்து நனைத்துக் கொடுத்தால் அதிகம் தின்னும். இரண்டு மணி நேரத்தில் புளிக்கும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வாரத்துக்கு 27 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். கொழும்பில் பகலில் பல்ப் தேவையில்லை, மழை இரவில் மட்டும் போடலாம். குந்தியே இருக்கும் குஞ்சுக்குக் கணு மூட்டின் அடித்தோல் உரிந்து புண்ணாகும். துணியில் கால் போக இரண்டு துளை வெட்டி, சிறு பெட்டியின் குறுக்கே ஊஞ்சல் போலக் கட்டி, விரல் தரையில் தொடும்படி தடவைக்கு அரை மணி நேரமாக, நாளில் மூன்று நாலு தடவை நிற்க வையுங்கள். கை கழுவ மறக்க வேண்டாம். சல்மொனெல்லா குஞ்சிலிருந்து பிள்ளைகளுக்கு வரும்.

மூன்று நாள் பாருங்கள். பி2 என்றால் அதற்குள் நிற்கும் நேரம் கூடும். ரிக்கெட்ஸ் என்றால் அலகு உறுதியாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஆனால் மூன்றாம் நாளே குஞ்சு அதிகம் தின்னவும் நகரவும் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் ஐந்தாவது குஞ்சும் விழுந்தால் என் ஊகம் தவறு என்று எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஒன்று செத்தால் புதைக்கவோ பிரீசரில் போடவோ வேண்டாம். உறைந்தால் நரம்பையும் மூளையையும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியாமல் போகும். இரட்டைப் பொலித்தீனில் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் கொடுங்கள். பேராதனை கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர் தீர்மானிப்பார். மரெக்ஸா வேறா என்று உறுதியாகச் சொல்வது அங்கேதான், படத்தைப் பார்த்துச் சொல்பவர் யாரும் அல்லர்.

இரண்டு வாரம் கழித்தும் எழும்பாமல், புண்ணாகி, தின்பதையும் விட்டுவிட்ட குஞ்சை நோவோடு வைத்திருக்க வேண்டாம். வைத்தியர் ஊசியால் அமைதியாக முடித்துவைப்பார்.

திரும்ப எழுதும்போது மூன்று படம் போடுங்கள்: கால் தொங்கப் பிடித்து பின்பக்கமிருந்து இரு கணு மூட்டும் தெரிய ஒன்று, விரல் மடங்கிய பாதம் ஒன்று, தீன் பையின் லேபிள் ஒன்று. அலகு வளைந்ததா இல்லையா என்பதையும் நாலு குஞ்சுக்கும் தனித்தனியே எழுதுங்கள்.